சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் லாட்ஜ் வரை: மெட்ரோ, ரயில், டவுன் பஸ்ஸிலேயே வந்து சேருவது எப்படி?

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக ரயிலில் வருகிறவர்கள் இறங்க வேண்டிய இடம் வேலூர் அல்ல, காட்பாடி. முன்பதிவுத் தளத்தில் ‘வேலூர்’ என்று தேடினால் வேலூர் கன்டோன்மென்ட் வந்து நிற்கும். அது காட்பாடி – விழுப்புரம் பாதையில் இருக்கும் நிலையம். அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு. அதைப் பார்த்துவிட்டு ‘வேலூருக்கு ரயிலே கிடைக்கவில்லை’ என்று டாக்ஸிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் நிறையப் பேர். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி ஜங்ஷன் என்று தேடுங்கள். பெங்களூரு, கோவை, கேரளம் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நின்றுதான் போகின்றன.

பயணம் மூன்று துண்டு. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ. சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ரயில், சுமார் இரண்டு மணி நேரம். காட்பாடியிலிருந்து வேலூர் டவுனுக்கு ஏழெட்டு கிலோமீட்டர், டவுன் பஸ் அல்லது ஆட்டோ. இரண்டாம் வகுப்பு இருக்கையில் வந்தால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு 200 ரூபாயைத் தாண்டாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உட்கார முடியாத நோயாளி, ஆபரேஷன் முடிந்து சில நாட்களே ஆனவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர் உடன் வந்தால் இந்த வழி வேண்டாம். அவர்களுக்குக் கார்தான் சரி. நடக்கக்கூடிய நோயாளி, துணைக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் தாராளமாக இப்படி வரலாம். சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளும் காரைவிட ரயிலே உடம்புக்கு இதம். கழிப்பறையும் கூடவே வரும்.

கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

அப்பாயின்ட்மென்ட் சீட்டை எடுத்து எந்த வளாகம் என்று பாருங்கள். சி.எம்.சி. என்றால் ஒரே இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு நடுவே ஆற்காடு ரோட்டில் இருப்பது பழைய பெரிய ஆஸ்பத்திரி. ராணிப்பேட்டை வளாகம் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் கீழ்மின்னலில், ரத்தினகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது; 2022-இல் திறந்தபின் பல பிரிவுகள் அங்கே போய்விட்டன. கண் ஆஸ்பத்திரி ஆரணி ரோட்டில். மனநலப் பிரிவு பாகாயத்தில். ராணிப்பேட்டை வளாகத்தில் வைத்தியம் என்றால் டவுனில் அறை எடுத்துவிட்டு தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போய்வர வேண்டியிருக்கும். இரண்டு வளாகங்களுக்கும் நடுவே மருத்துவமனை பஸ் ஓடுகிறது என்றாலும், நோயாளியை அலைக்கழிக்காமல் இருக்க அறையை யோசித்து எடுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள், இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் நம்மவர்கள் உட்பட, லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் செய்து ‘ஃபாரினர் எடுப்பீங்களா, சி ஃபாரம் போடுவீங்களா’ என்று கேட்டுவிட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் படிவத்தை லாட்ஜ்தான் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையே வேண்டாமென்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் சின்ன லாட்ஜுகள் உண்டு. இரவு பத்து மணிக்கு நோயாளியோடு நின்றுகொண்டு அதைக் கேட்கக் கூடாது.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயில் புறப்படும் நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு விடுவது? உள்நாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம், வெளிநாட்டு விமானம் என்றால் நான்கு. கணக்கு இதுதான்: பெட்டி வர அரை மணி, வெளிநாட்டிலிருந்து வந்தால் குடிநுழைவு, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி வரை, மெட்ரோ நிலையம் போய்ச் சேரக் கால் மணி, மெட்ரோவில் முக்கால் மணி, சென்ட்ரலில் இறங்கி நடைமேடையைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம். மீதி, விமானத் தாமதத்துக்கான இடம். அதைக் குறைத்துக்கொண்டால் ரயில் டிக்கெட் காசு போகும்.

விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல்

வெளியே வந்ததும் டாக்ஸி கூப்பிடுகிறவர்களைத் தாண்டி ‘மெட்ரோ’ என்ற பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ நிலையம் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே, மேலே இருக்கிறது. லிஃப்ட் உண்டு. நுழையும்போது பெட்டிகளை எக்ஸ்ரே எந்திரத்தில் போட வேண்டும். மருந்துப் பை, எக்ஸ்ரே படங்கள், ரிப்போர்ட் ஃபைல் ஆகியவற்றைத் தனியாக ஒரு தோள்பையில் வைத்துக்கொண்டால் நல்லது. பெட்டியோடு பெட்டியாகப் போட்டுவிட்டு அவசரத்தில் எந்திரத்தின் மறுமுனையிலேயே மறந்துபோவது அந்த ஃபைல்தான்.

டிக்கெட் கவுன்டரில் ரொக்கமாக வாங்கலாம், போனிலும் எடுக்கலாம். இந்திய போன் எண்ணும் யு.பி.ஐ.யும் இல்லாதவர்கள் விமான நிலையத்திலேயே பணத்தை மாற்றி, பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 500 ரூபாய்த் தாளை டவுன் பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது.

இந்தப் பாதையின் தெற்குக் கோடி விமான நிலையம்தான். ஆகவே எந்த வண்டி வந்தாலும் ஊருக்குள்தான் போகும். உட்கார இடமும் கிடைக்கும். நீலப் பாதை வண்டியில் ஏறினால் மாறாமல் நேராக சென்ட்ரல். ஆலந்தூரில் ‘மாறிச் செல்ல’ என்று அறிவிப்பு வரும், பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். பச்சைப் பாதையும் சென்ட்ரலுக்குத்தான் போகிறது, ஆனால் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்று சுற்றிக்கொண்டு போகும்.

சின்னமலைக்குப் பிறகு வண்டி பூமிக்கடியில் போய்விடும், போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். ரயில் டிக்கெட் விவரத்தை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் மெட்ரோ மிகப் பெரிய நிலையம். மேலே வந்த பிறகு வழி தேடினால் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் தப்பான பக்கத்தில் நிற்பீர்கள். கீழே இருக்கும்போதே ‘சென்ட்ரல் ரயில் நிலையம்’ என்ற பலகை காட்டும் வாயிலைப் பிடியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் மூர் மார்க்கெட் வளாகம் புறநகர் மின்சார ரயிலுக்கானது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் சிவப்புக் கட்டடத்தின் உள்ளே இருக்கும் நடைமேடைகளிலிருந்து போகின்றன. எழும்பூருக்குப் போய்விடாதீர்கள், அது விழுப்புரம், திருச்சி, மதுரை திசைக்கான நிலையம்.

எந்த ரயில்

அதிகாலை ஆறு மணியை ஒட்டி மைசூரு வந்தே பாரத், மைசூரு சதாப்தி, கோவை எக்ஸ்பிரஸ் என்று வரிசையாகக் கிளம்பும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே பெங்களூரு டபுள் டெக்கரும் பிருந்தாவனும். மதியத்தில் வெஸ்ட் கோஸ்ட், கோவை இன்டர்சிட்டி, லால்பாக். மாலையில் ஜோலார்பேட்டை போகும் ஏலகிரி எக்ஸ்பிரஸ். இரவு ஏழரைக்குமேல் திருவனந்தபுரம் மெயில், மங்களூரு மெயில், ஆலப்புழை, நீலகிரி, சேரன், பெங்களூரு மெயில். நேரங்கள் கால அட்டவணை மாறும்போது பத்துப் பதினைந்து நிமிடம் நகரும். முந்தைய நாள் 139-ஐ அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பரிந்துரை பகல் வண்டிகள். பிருந்தாவன், லால்பாக், இன்டர்சிட்டி மூன்றும் உட்கார்ந்து போகும் வண்டிகள். முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கை 100 ரூபாய்க்குள் முடியும், வெயில் காலத்தில் ஏ.சி. சேர் கார் எடுத்துக்கொள்ளலாம். இரவு மெயில்களில் இரண்டு மணி நேரத்துக்காக ஸ்லீப்பர் எடுப்பது வீண் செலவு. போதாததற்கு, கேரளம் போகிறவர்கள் படுக்கையை விரித்துப் படுத்துவிட்ட பெட்டியில், விளக்கு அணைந்த பிறகு, பெட்டிகளைத் தேடி எடுத்து இறங்க வேண்டும்.

முன்பதிவு இல்லையென்றால் இரண்டு வழி. சார்ட் போட்ட பிறகு மிஞ்சும் இடங்களைக் ‘கரன்ட் புக்கிங்’ என்று விற்பார்கள். வார நாட்களின் பகல் வண்டிகளில் கிடைப்பது அரிதல்ல. அதுவும் இல்லையென்றால் முன்பதிவில்லாப் பெட்டி. இதற்குக் கவுன்டரில் வெறுமனே ‘காட்பாடி ஒண்ணு’ என்று கேட்டு வாங்காதீர்கள். ‘காட்பாடி, சூப்பர்ஃபாஸ்ட்’ என்று சொல்லி வாங்குங்கள். 12, 20, 22 என்று எண் தொடங்கும் வண்டிகள் எல்லாம் சூப்பர்ஃபாஸ்ட். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறினால், இரண்டாம் வகுப்புக்கு வெறும் 15 ரூபாய் கூடுதல் கட்டணத்தைக் கட்டாததற்காக அபராதம் கட்ட நேரும். முன்பதிவில்லா டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ முன்பதிவுப் பெட்டியிலோ ஏறக் கூடாது. ‘நோயாளி சார்’ என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி ஏறாதீர்கள்.

ஞாயிறு மாலையைத் தவிருங்கள். திங்கள் காலை ஓ.பி.க்கு வருகிறவர்களும், விடுமுறை முடிந்து வி.ஐ.டி.க்குத் திரும்பும் மாணவர்களும் ஒரே வண்டிகளில் ஏறுகிறார்கள். திங்களன்று டாக்டரைப் பார்ப்பதாக இருந்தால் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். மாலை ஆறு மணி வாக்கில் சென்னை கடற்கரையிலிருந்து கிளம்பும் மெமு ரயில், காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட் வழியாக 2024 மே முதல் திருவண்ணாமலை வரை போகிறது. மலிவு, ஆனால் எல்லா நிலையத்திலும் நின்று மூன்றரை மணி நேரம் எடுக்கும். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டம் அதில் நிரம்பி வழியும். பெட்டியோடு ஏறவே முடியாது.

காட்பாடியில் இறங்குவது

அரக்கோணம், சோளிங்கர், வாலாஜா ரோடு தாண்டியதும் காலணியை மாட்டிக்கொள்ளுங்கள். முகுந்தராயபுரம் கடந்து திருவலத்துக்கு அருகே வண்டி பொன்னையாற்றுப் பாலத்தின் மேல் ஓடும்; சக்கரச் சத்தம் மாறுவது நன்றாகக் கேட்கும், கீழே பெரும்பாலும் வெறும் மணல்தான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து பெட்டிகளை இறக்கிக் கதவருகே போய்விட வேண்டும். காட்பாடியில் சில வண்டிகள் இரண்டே நிமிடம்தான் நிற்கும். இறங்க நூறு பேர், ஏற நூறு பேர். பெட்டியை முதலில் இறக்கிவிட்டு நோயாளியை உள்ளே விட்டுவிடாதீர்கள். முதலில் துணையாள் ஒருவர் இறங்க வேண்டும், அடுத்து நோயாளி, கடைசியில் சாமான்.

நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடந்துவருவதால் வாசலும் ஆட்டோ நிற்கும் இடமும் அவ்வப்போது மாறுகின்றன. பழைய நினைவில் நடக்காமல், முன்னால் போகும் கூட்டத்தைப் பின்தொடருங்கள்.

வெளியே வந்து சாலையோரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நில்லுங்கள். பஸ் எண்ணைவிடப் போகும் ஊரைப் பார்ப்பது எளிது: ‘பாகாயம்’ என்று பலகை இருந்தால் அது டவுனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏறும்போதே ‘சி.எம்.சி. போவுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘ஆஸ்பத்திரி’. கண்டக்டரும் ‘ஆஸ்பத்திரி எறங்குறவங்க முன்னால வாங்க’ என்றுதான் குரல் கொடுப்பார். சில்க் மில், விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள், பிறகு ஆஸ்பத்திரி. பாலாற்றுப் பாலத்தில் காலை எட்டரையிலிருந்து பத்து வரையும், மாலை ஐந்திலிருந்து ஏழரை வரையும் வண்டிகள் ஊரும். சாதாரணமாக இருபத்தைந்து நிமிடம் ஆகும் தூரம் அப்போது முக்கால் மணி ஆகலாம்.

அரசு டவுன் பஸ்களில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். வெளியூர்ப் பெண்களுக்கும்தான், ஆதார் காட்டத் தேவையில்லை, பூஜ்ய டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் டவுன் பஸ்களும் இதே வழியில் நிறைய ஓடுகின்றன. அவற்றில் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு.

பெரிய பெட்டி இருந்தால் டவுன் பஸ்ஸில் சிரமம். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பியதும் கிளம்பும். தனி ஆட்டோ என்றால் மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம், ஏறுவதற்கு முன் தொகையைப் பேசி முடியுங்கள். பேசும்போது ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லாமல் தெருவின் பெயரைச் சொல்லுங்கள்: பாபு ராவ் தெரு, காந்தி ரோடு, கே.வி.எஸ். செட்டி தெரு, சைதாப்பேட்டை. கடைசியில் சொன்னது வேலூரில் இருக்கும் சைதாப்பேட்டை. ‘அந்த லாட்ஜ் ஃபுல்லு, வேற நல்ல எடம் காட்டுறேன்’ என்ற பேச்சு வரக்கூடும். கமிஷன் கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும் பேச்சு அது. லாட்ஜின் போன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

வி.ஐ.டி.க்கு வருகிறவர்கள் வேலூர் டவுனுக்குப் போகவே வேண்டாம். கல்லூரி காட்பாடி நிலையத்துக்குப் பக்கத்திலேயே, திருவலம் போகும் ரோட்டில் இருக்கிறது.

ரயில் கிடைக்காத நாளில் பஸ்

விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் பச்சைப் பாதைக்கு மாறுங்கள். கோயம்பேடு பஸ் நிலையத்துக்கு இறங்க வேண்டிய மெட்ரோ நிலையத்தின் பெயர் சி.எம்.பி.டி.; அடுத்து வரும் ‘கோயம்பேடு’ அல்ல. பெயரைப் பார்த்துக் கோயம்பேட்டில் இறங்கியவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு நிலையத் தூரம் திரும்பி நடக்கிறார்கள்.

கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது தென் மாவட்ட பஸ்கள்தான் அங்கே போயின. பூந்தமல்லி வழியாகப் போகும் வேலூர் பஸ்களைக் கோயம்பேட்டிலேயே விட்டுவைத்தார்கள். மேற்கு நோக்கிய பஸ்களுக்கென்று பூந்தமல்லியைத் தாண்டிக் குத்தம்பாக்கத்தில் தனி முனையம் கட்டப்பட்டிருப்பதால், கிளம்பும் நாளில் ‘வேலூர் பஸ் எங்கேர்ந்து எடுக்குறாங்க’ என்று மெட்ரோவில் ஏறுமுன் விசாரித்துவிடுங்கள்.

பஸ்ஸில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு ஏறுங்கள். பைபாஸா, காஞ்சிபுரம் உள்ளே போகுமா? உள்ளே போனால் முக்கால் மணிக்கு மேல் கூடும். ராணிப்பேட்டை, ஆற்காடு உள்ளே போகுமா? மூன்றாவதுதான் முக்கியம்: வேலூர் புதிய பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளே போகுமா? பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி வண்டிகள் சில நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பகலில் பரவாயில்லை, இரவில் பெட்டியோடும் நோயாளியோடும் சர்வீஸ் ரோட்டைக் கடப்பது ஆபத்து. வேலூர் என்றே பலகை போட்ட வண்டி கால் மணி நேரம் பிந்தி வந்தாலும் அதையே பிடியுங்கள். ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பஸ்தான் ரயிலைவிடச் சிறந்தது, கீழ்மின்னல் வழியிலேயே வருகிறது. அங்கே நிறுத்துவார்களா என்று கேட்டு ஏறினால் போதும்.

மொத்தம் மூன்று முதல் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் நடுவே சாலை விரிவாக்க வேலை பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ் ஓயாமல் ஓடும்.

நள்ளிரவில் இறங்கும் விமானம்

மெட்ரோ இரவு பதினொன்றோடு நின்று காலை ஐந்துக்குத்தான் தொடங்கும். வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் பல நடு ராத்திரியில்தான் வந்து இறங்குகின்றன. அப்போது அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். வருகைப் பகுதியிலேயே உட்கார்ந்திருந்து, முதல் மெட்ரோவைப் பிடித்து, டபுள் டெக்கரிலோ பிருந்தாவனிலோ வந்தால் பத்து மணிக்குள் காட்பாடி. ஆறு மணி வண்டிகளை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் மெட்ரோவில் ஏறினாலும் நெருக்கடியாகிவிடும். நள்ளிரவில் காட்பாடி வந்து சேரும் வண்டியும் நல்லதல்ல. டவுன் பஸ் நின்றுபோயிருக்கும், ஆட்டோ வாடகை கூடியிருக்கும், லாட்ஜ் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

லாட்ஜ் வாசலில்

அடையாள அட்டையின் அசலைக் கேட்பார்கள், தங்கும் எல்லோருடையதும் வேண்டும். வாடகை பேசும்போது ‘24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா’ என்று கேளுங்கள். 12 மணிக் கணக்கு என்றால், காலை பத்து மணிக்கு அறை எடுத்தவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க நேரும். லிஃப்ட் ஓடுகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்பதை நேரில் பாருங்கள். வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குச் சமையல் வசதியோடு அறை தரும் இடங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றியே நிறைய உண்டு. பத்தியச் சாப்பாடு வேண்டியவர்களுக்கு அதுதான் வசதி. முதல் நாள் ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். டாக்டர் எத்தனை நாள் என்று சொன்ன பிறகு மொத்தமாகப் பேசினால் வாடகை குறையும்.

திரும்பும்போது

காட்பாடிக்கு வரும் வண்டிகளில் பல, கேரளத்திலிருந்தும் மேற்கிலிருந்தும் நெடுந்தூரம் ஓடி வருபவை. ஒரு மணி நேரம் பிந்துவது சாதாரணம். விமானத்துக்குப் போகிறவர்கள் ஜோலார்பேட்டையிலிருந்து காலையில் வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற கிட்டத்து வண்டியைப் பிடிப்பது பத்திரம். வெளிநாட்டு விமானம் என்றால், புறப்பாட்டுக்கு ஐந்து மணி நேரம் முன்பாவது சென்ட்ரலில் இறங்கும்படி பாருங்கள். புற்றுநோய், சிறுநீரகம், இதயம் போன்ற சில சிகிச்சைகளுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனைக் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் கேட்டால் அன்றைக்கே கிடைக்காமல் போகலாம், இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.